செய்தியில் இனப்பெயர் எதற்கு?



'கடையில் திருடிய இந்திய ஆடவர் கைது' என்று நாளிதழில் படிக்கிறோம். மலாய் நாளிதழில் அதுவே 'லெலாக்கி இந்தியா'. ஆள் பிடிபட்டுவிட்டார், இனி அவரை யாரும் தேடப் போவதில்லை. அப்படியிருக்க அந்த இனப்பெயர் வாசகருக்கு எதற்கு?

தமிழ் முஸ்லிம்களான நமக்கு இது இரட்டிப்பாக உறைக்கிறது. இனத்தைச் சொன்னால் இந்தியர் கணக்கில் வருகிறோம். பெயரைச் சொன்னால் முஸ்லிம் கணக்கில் வருகிறோம். ஜொகூரில் வேலை கேட்டுப் போகும் நம் இளைஞனுக்கும், வாடகைக்கு வீடு தேடும் குடும்பத்துக்கும் முன்னால் அந்தத் தலைப்பு போய் நின்றுகொள்கிறது.

2015 ஜூலையில் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் ஒரு கைப்பேசித் திருட்டுப் புகார் எழுந்தது. மறுநாள் இரவே அங்கு கலவரம்; பலர் காயமடைந்தனர். இது திருட்டு, இனப் பிரச்சினை அல்ல என்று போலீஸ் சொன்னது. ஆனால் சமூக ஊடக வதந்தி அதற்குள் இனச்சண்டையாக்கிவிட்டது.

"இனத்தை மறைத்தால்தான் வதந்தி கிளம்பும்" என்பாரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் கோலோன் நகரில் 2015 டிசம்பர் 31 இரவு பெண்கள் தாக்கப்பட்டபோது, சந்தேக நபர்களின் பின்னணியை ஊடகங்கள் மறைத்ததாக மக்கள் கொதித்தார்கள். 2017-இல் அந்நாட்டுப் பத்திரிகை மன்றம் விதியைத் திருத்தியது: நியாயமான பொதுநலன் இருந்தால் எழுதலாம், வெறும் ஆவலைத் தீர்க்க எழுதக் கூடாது.

நாம் கேட்பதும் அத்தகைய அளவுகோலைத்தான். தப்பியோடியவரைத் தேட வேண்டுமானால் வயது, உயரம், உடை, வாகன எண் இவற்றோடு தோற்றத்தையும் எழுதட்டும். 'இந்திய ஆடவர்' என்ற இரண்டு சொல்லை வைத்து ஒருவரையும் பிடிக்க முடியாது. எல்லாரையும் சந்தேகிக்கத்தான் முடியும். இனவெறியே குற்றத்துக்குக் காரணமானால் அதையும் எழுதட்டும். நீதிமன்றத்தில் பெயர் வெளிவந்தால் அது அந்த ஒருவரை மட்டுமே சுட்டும். வங்காளதேசத் தொழிலாளியைப் பற்றிய செய்திக்கும் இதே அளவுகோல் வேண்டும்.

மலேசிய ஊடக மன்றச் சட்டம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் சங்கம் மற்ற இன அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு இக்கோரிக்கையை அந்த மன்றத்திடம் எழுத்து மூலம் வைக்கலாம்.

செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். இனங்கள் இருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்ள என்றும் அதுவே சொல்கிறது. நாளிதழ் அதற்கு உதவட்டும்.