எரவாடாவில் ஒரு சொல் பண்டாரம்

புனே நகரத்து எரவாடா என்றதும் காந்தியடிகள் சிறையிருந்த இடம் என்பதே நம்மவர் நினைவுக்கு முதலில் வரும். அந்த எரவாடாவிலேயே, அடர்ந்த விருட்சங்களுக்கு நடுவில், கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரமுமாகக் கல்லில் எழும்பி நிற்கிற டெக்கான் கல்லூரிக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். 1821-இல் சமஸ்கிருத பாடசாலையாகப் பிறந்து, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் கொடையால் இந்தக் கட்டடத்தைப் பெற்று, திலகரைத் தன் மாணவராகச் சொல்லிக்கொள்ளும் பாக்கியமும் வாய்த்த இக்கலாசாலை, 1939 முதல் ஆராய்ச்சிக்கென்றே நடந்துவருகிறது. 1990-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆயிற்று.

ஆராய்ச்சி வசதி என்றால் யந்திரங்களை எதிர்பார்த்து வருகிறவருக்கு இங்குள்ள அகராதித் துறை ஏமாற்றமே தரும். இங்கே மூலதனம் காகிதச் சீட்டு. எஸ். எம். காத்ரே 1948-இல் தொடங்கிவைத்த சமஸ்கிருதப் பேரகராதிக்காக, ரிக்வேதம் தொடங்கிச் சுமார் 1500 நூல்களைப் பண்டிதர்கள் கால் நூற்றாண்டு வரிவரியாக வாசித்து எழுதிவைத்த ஏறக்குறைய ஒரு கோடிச் சீட்டுகள், இரும்பு அலமாரிகளின் இழுப்பறைகளில் அகராதி வரிசையில் நெருக்கியடித்து நிற்கின்றன. சீட்டின் தலையில் ஒரு சொல். கீழே அது ஆளப்பட்ட வாக்கியம். பிறகு நூலின் பெயரும் இடமும். ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளை எல்லாம் திரட்டிக் காலக்கிரமத்தில் அடுக்கி, பொருள் எந்த நூலில் எவ்வாறு திரிந்தது என்று நிச்சயித்த பிறகே அகராதியில் ஒரு பத்தி உருவாகும். அச்சுப் பணி 1970-களில் தொடங்கி, முப்பதுக்கு மேற்பட்ட பகுதிகள் வெளிவந்த பின்னும், 'அ' என்ற முதலெழுத்தைத் தாண்டியபாடில்லை!

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகனுக்கும் 1936-இல் ஆறு தொகுதிகள் நிறைவேறும்வரை இருபது வருஷங்களுக்கும் மேல் பிடித்தன. முந்தைய அகராதியைப் பார்த்து அடுத்ததை எழுதிவிடுவது சுலபம். சாட்சியில்லாமல் ஒரு பொருளையும் ஏற்பதில்லை என்ற இந்த வைராக்கியமே டெக்கான் கல்லூரியின் கீர்த்திக்கு ஆதாரம் என்பது என் அபிப்பிராயம்.

காத்ரே இக்கல்லூரிக்கு வந்த அதே 1939-இல் இங்கு வந்து சேர்ந்தவர் எச். டி. சங்காலியா. அவர் வளர்த்த தொல்லியல் துறையினர் கோட் நதிக்கரையில் இனாம்காவ் என்ற சிற்றூரை 1968 முதல் பல பருவங்கள் அகழ்ந்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உழவர்களின் வீடுகளையும் தானியக் குழிகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே, நான்கு கால்களும் பருத்த வயிறுமாகச் சுடாத களிமண்ணில் வனைந்த தாழியொன்றினுள், சம்மணமிட்டு அமர்த்திய நிலையில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆதிச்சநல்லூரின் ஈமத் தாழிகளைக் கேள்விப்பட்டிருக்கும் தமிழருக்கு இச்செய்தி சற்று அதிக சுவாரசியமாகவே இருக்கும்.