அணிகலனுக்கு அடியில் உள்ள புண்



புரட்டாசித் திங்களில் திருமலைப் பிரம்மோற்சவத்தைச் சேவித்தவர்கள், வாகனத்திற்கு முன்னே யானைகளும் காளைகளும் குதிரைகளும் அணிவகுத்துச் செல்லும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். எட்டாம் நாள் இரவு மலையப்ப சுவாமியே குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார். அணிகலன்களின் அழகைக் கண்டு மகிழும் நாம், அவற்றிற்கு அடியில் ஓர் உயிரின் தோல் இருப்பதை எண்ணுவது அரிது. தில்லியில் கல்யாண ஊர்வலக் குதிரைகளை அடிக்கடி காணும் நமக்கும் இது பொருந்தும்.

சேணம் ஓரிடத்தில் அழுத்த, வியர்வையும் அழுக்கும் சேர, அங்கே குருதியோட்டம் குன்றிப் புண் உண்டாகிறது. அது ஆறும்வரை சேணம் ஏற்றாதிருப்பதே முதல் மருந்து.

காயம் பட்டால் தூய துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துக. பின்னர், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவுக. சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றை இடுதல் ஆகாது. அவை புண்ணைச் சுட்டு, ஆறுதலைத் தாமதப்படுத்தும். முழங்காலுக்குக் கீழே பட்ட புண்ணில் சதை மிகுந்து வளர்வதுண்டு. மூட்டருகே பட்ட காயமோ, ஆழமான காயமோ ஆயின் தாமதியாது மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

இன்னொரு பேராபத்து, வாய்ப்பூட்டு நோய் எனப்படும் டெட்டனஸ். அதன் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் வாழ்கிறது. வீட்டு விலங்குகளுள் குதிரையே அதற்கு மிக எளிதில் இரையாவது. குளம்பில் ஏறிய சிறு ஆணியும் உயிரைக் குடிக்கலாம். தாடை இறுகுதல், வால் விறைத்து நிற்றல், கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு படர்தல் ஆகியன அதன் குறிகள். குறி தோன்றியபின் காப்பது கடினம். முன்னதாகத் தடுப்பூசி இடுதல் எளிது.

மழைக்காலத்தில் ஈரம் காயாத முதுகில், மயிர்க்கற்றையோடு பெயரும் பொருக்குகள் தோன்றினால், குதிரையை உலர்ந்த கொட்டிலில் நிறுத்துக. வட்டவட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரை என்று ஐயுறுக. அது மனிதரையும் பற்றும். இவ்விரண்டிலும் ஒரு குதிரையின் தூரிகையையும் போர்வையையும் மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது.

மலையடிவாரத் திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. மருத்துவ அறிவு அருகிலிருந்தும், காலையில் சேணத்தை எடுத்துத் தோலைத் தடவிப் பார்க்கும் கை இல்லையேல் பயனில்லை. வாய் பேசாத உயிர் தன் நோவைச் சொல்லாது. நாம்தாம் தேடிப் பார்த்தல் வேண்டும்.