டேலிக்கு மட்டும் வழி, இலை எடைக்கு இல்லை: விபிஎன்ல வர்றவரை எப்படிக் கட்டுப்படுத்துறது?

வயர்கார்டு விபிஎன் பத்திப் பேசினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: “ஆளு உள்ள வந்துட்டாரு, சரி. ஆனா எல்லாத்தையும் பாக்குறாரே, அதை எப்படித் தடுக்கிறது?” இன்னைக்கு அது மட்டும்தான்.

குன்னூர் பக்கம் ஒரு போட் லீஃப் ஃபேக்டரி. பேர் வேண்டாம். சொந்தத் தோட்டம் கிடையாது, சுத்துவட்டார சிறு விவசாயிகள்கிட்ட பசுந்தேயிலை வாங்கித் தூளாக்குற இடம். அங்க ஒரே நெட்வொர்க்ல டேலி கம்ப்யூட்டர் இருக்கு, அது 192.168.1.20. இலை எடை பதியுற கம்ப்யூட்டர் 192.168.1.30. கணக்கு பாக்குறவர் கோயம்புத்தூர்ல இருந்து விபிஎன்ல வர்றார். அவருக்கு வேணும்கிறது டேலி மட்டும்தான். ஆனா எடை கம்ப்யூட்டரோட ஷேர் ஃபோல்டரும் அவருக்குத் திறக்குது. எந்த விவசாயிக்கு எத்தனை கிலோவுக்குப் பணம் போகணும்னு முடிவு பண்றது அந்த ஃபோல்டர்ல இருக்கிற கணக்குதான்.

முதலாளி சொன்னாராம், “அவர் நம்ம ஆளுங்க, 15 வருஷப் பழக்கம்.” இருக்கட்டுமே. விபிஎன் சாவி இருக்கிறது அவர் லேப்டாப்புல. அந்த லேப்டாப்புல வீட்டுப் பையன் ஏதோ ஒரு கேமை இறக்கினா, உள்ள வர்றது அவரா இருக்காது. 2013-ல அமெரிக்காவுல டார்கெட் கடைகள்ல சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடு போச்சு. திருடங்க முதல்ல உள்ள வந்தது குளிர்சாதன வேலை பாத்த ஒரு கான்ட்ராக்டரோட லாகின்ல. நம்ம பக்கம் 2019-ல கூடங்குளம் அணுமின் நிலையத்துல ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்ததை என்பிசிஐஎல் ஒத்துக்கிச்சு. அது நிர்வாக நெட்வொர்க், முக்கியமான உள் நெட்வொர்க் தனியா இருக்குன்னு சொன்னாங்க. இந்த ‘தனியா’ங்கிற வார்த்தைக்குக் கொஞ்ச நேரத்துல வருவோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். வயர்கார்டு ஃபைல்ல ‘அலவ்டு ஐபிஸ்’னு ஒரு வரி இருக்கும். லேப்டாப்புல அதை .20 மட்டும்னு மாத்தினா போதும்னு நினைக்கிறாங்க. லேப்டாப் பக்கம் அது வெறும் ரூட்டிங், அவரே திறந்து திருப்பி மாத்திக்கலாம். ஃபேக்டரி பக்கம் அதே வரிக்கு வேற பலம் இருக்கு. இந்தச் சாவியோட வர்றவர் 10.8.0.5-ங்கிற முகவரியில இருந்து மட்டும்தான் பேச முடியும்னு அது கட்டிப்போடும். அதனாலதான் அந்த முகவரியை வெச்சு ஃபயர்வால்ல ரூல் எழுதினா நம்பலாம்.

அங்க ரூல் இருந்துச்சு, வேலை செய்யலை. காரணம், ‘இன்புட்’ செயின்ல போட்டிருந்தாங்க. இன்புட்ங்கிறது ரவுட்டருக்கே வர்றது. ரவுட்டர் வழியா இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போறது ‘ஃபார்வர்டு’. யுஎஃப்டபிள்யூ வெச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான், வெறும் ‘டினை’ போதாது, ‘ரூட் டினை’ போடணும்.

ஃபார்வர்டுக்கு மாத்தியும் திறந்துச்சு. இந்த இடத்துல யூகிக்காதீங்க, கவுண்டரைப் பாருங்க. ஐபிடேபிள்ஸ் லிஸ்ட்டை ‘மைனஸ் வி’ சேர்த்து எடுத்தா, ஒவ்வொரு ரூல்லயும் எத்தனை பாக்கெட் மாட்டுச்சுன்னு வரும். டிராப் ரூல்ல பூஜ்யம். அதுக்கு மேல, விபிஎன்ல இருந்து வர்றது எல்லாம் ஓகேன்னு யாரோ எப்பவோ போட்ட ரூல்ல எண் ஏறிக்கிட்டே இருக்கு. மேல இருந்து கீழ, எது முதல்ல பொருந்துதோ அதுதான் தீர்ப்பு. பழைய ரூலை எடுத்துட்டு, 10.8.0.5-ல இருந்து .20-க்கு 3389 போர்ட் மட்டும் அனுமதி, மீதி டிராப்னு வெச்சாச்சு. அப்பவும் ஏற்கனவே திறந்திருந்த ஃபோல்டர் மூடலை, ஏன்னா ‘எஸ்டாப்லிஷ்டு’ ரூல் எல்லாத்துக்கும் மேல உட்கார்ந்திருக்கு. கான்ட்ராக் கமாண்டால அந்த முகவரியோட பழைய இணைப்புகளை அழிச்சதும் நின்னுச்சு.

இங்க பல பேர் வேலை முடிஞ்சுதுன்னு டீ குடிக்கப் போயிடுவாங்க. போகாதீங்க. 3389-ன்னா ரிமோட் டெஸ்க்டாப். அவர் இப்போ டேலி கம்ப்யூட்டருக்குள்ளயே உட்கார்ந்திருக்கார். அங்க இருந்து எடை ஃபோல்டரைத் திறந்தா? ஜோரா திறக்குது. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்ச்ல, ஒரே சப்நெட்ல. அந்த டிராஃபிக் ரவுட்டர் பக்கமே வராது. வராத பாக்கெட்டை ஃபயர்வால் எப்படிப் பிடிக்கும்?

அதுக்குத்தான் அந்த ‘தனியா’. எடை கம்ப்யூட்டரை வேற விஎல்ஏஎன்ல, வேற சப்நெட்ல வைங்க. ரவுட்டர்ல போர்ட் காலியா இருந்தா அதுலயே தனியா மாட்டலாம். எடை விவரம் டேலிக்குப் போகணும்னா அந்தத் திசையில மட்டும் வழி விடுங்க, எதிர்த்திசையில புது இணைப்பு வேண்டாம். இப்போதைக்குச் செலவு முடியாதுன்னா, எடை கம்ப்யூட்டரோட விண்டோஸ் ஃபயர்வால்ல .20-ல இருந்து வர்றதைத் தடுத்துடுங்க. முழுத் தீர்வு இல்லை, ஆனா இன்னைக்கே செய்யலாம்.

இன்னொண்ணு, மலையில இருக்கிறவங்களுக்கு. மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வரும். ரூல்களைச் சேவ் பண்ணலைன்னா ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் காணாம போயிடும். விபிஎன் தானா எழுந்துக்கும், ரூல் எழுந்துக்காது. ஃபார்வர்டு பாலிசி அக்செப்ட்னு இருந்தா திரும்ப எல்லாம் திறந்த வீடுதான். அதனால பாலிசியை டிராப்னு வைங்க. அதுக்கு முன்னாடி உள்ள இருந்து இன்டர்நெட்டுக்குப் போக ஒரு ரூல் போட்டுக்கங்க, இல்லைன்னா ஃபேக்டரிக்கே நெட் போயிடும். சேவ் பண்ணிட்டு, ரவுட்டரோட பிளக்கைப் பிடுங்கி மாட்டுங்க. அப்புறம் மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து அவரோட சாவியில உள்ள வந்து பாருங்க. டேலி திறக்கணும். டேலி கம்ப்யூட்டருக்குள்ள போய், அங்க இருந்து .30-ஐயோ அதோட புது முகவரியையோ தட்டினா பதில் வரக்கூடாது.