மின்போறணையின் பிணி அறிதல்



விறகாலும் செங்கல்லாலும் அமைந்த போறணையை நம் முன்னோர் அறிவர். பின்னர் அது மின்சாரத்தால் இயங்கலாயிற்று. இன்றோ, அதன் நெற்றியில் எண்கள் ஒளிர்கின்றன. உள்ளே இலத்திரன் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று குடிகொண்டுள்ளது. வசதி பெருகியதுபோலவே, பழுது நேரும்பொழுது குழப்பமும் பெருகிற்று. போறணை சூடேறவில்லை என்றதும், "பலகை பழுது, புதிது போடவேண்டும்" என்ற தீர்ப்பு எளிதிற் பிறந்துவிடுகின்றது. பலகையோ விலையுயர்ந்தது, பழைய மாதிரிகளுக்குக் கிடைப்பதும் அரிது. பெரும்பணம் கொடுத்து அதனை மாற்றிய பின்னரும் போறணை குளிர்ந்தே கிடக்குமாயின், செலவிட்ட பணம் மீளுமா? தலையணையை மாற்றினால் தலைவலி தீராது. ஆகவே, பலகையைக் குற்றஞ் சாட்டுமுன் ஏனைய உறுப்புக்களை ஒழுங்காக விசாரித்தல் வேண்டும்.

முதற்கண், கருவி இயங்கும் முறையை அறிவோம். போறணையின் உட்சுவரிலிருந்து பென்சில் போன்ற மெல்லிய உலோகக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே வெப்ப உணரி. பல போறணைகளில் அதனுள் இருப்பது பிளாற்றினம். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடையும் சீராக ஏறும். இவ்வியல்பினால் வெப்பநிலையை அளக்கலாம் என்பதை வில்லியம் சீமென்ஸ் 1871ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். உணரி கூறும் தடையைப் பலகை வாசிக்கின்றது; றிலே எனப்படும் மின்காந்த ஆளியை மூடியும் திறந்தும் வெப்பச் சுருளுக்கு மின்சாரத்தை விடுகின்றது. உணரி கண், பலகை மூளை, றிலே கை. கண் பொய் சொன்னால் மூளை என் செய்யும்?

இனி, விசாரணையின் படிகளைப் பார்ப்போம். மின்தடை ஏற்பட்டு நீங்கிய பின், கடிகாரத்தைச் சரிசெய்யும் வரை சில மாதிரிகள் சூடேறமாட்டா. குழந்தைகள் தொடாதிருக்க அமைந்த பூட்டு விழுந்திருத்தலும் உண்டு. இவ்விரண்டையும் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

அடுத்து உணரி. பிரதான ஆளியை நிறுத்தி, இணைப்பையும் கழற்றிய பின்னரே இதனை அளத்தல் வேண்டும். பூச்சிய பாகையில் 1000 ஓம் காட்டும் வகை உணரி, நம் நாட்டு அறை வெப்பமாகிய 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1117 ஓமும், 200 பாகையில் ஏறத்தாழ 1759 ஓமும் காட்டும். கம்பி அறுந்திருந்தால் தடை எல்லையற்றதாகும். பலகை பிழைக் குறியைக் காட்டி வேலையை நிறுத்திவிடும். இதனினும் நுட்பமானது, இணைப்பு முனையிற் களிம்பு ஏறுதல். களிம்பினால் 38 ஓம் கூடினால், போறணை ஏறத்தாழ 10 பாகை மிகையாகச் சூடேறியதென்று பலகை மயங்கும். எண்கள் சரியாகவே ஒளிரும்; கேக்கோ நடுவில் வேகாது. முனையைச் சுத்தஞ் செய்தாலே தீரக்கூடிய இப்பிணிக்குப் பலகை மாற்றுதல் மருந்தன்று.

மூன்றாவது வெப்பச் சுருள். 230 வோல்ற்றில் 2000 உவாற்றுச் சுருளாயின், ஒரு முனையைக் கழற்றி அளக்கும்பொழுது ஏறத்தாழ 26 ஓம் காட்டும். எல்லையற்ற தடை காட்டின் சுருள் அறுந்தது. சுருள் நன்றாயிருந்தும் சூடில்லையேல், மிகை வெப்பத்தில் மின்னைத் துண்டிக்கும் காப்பு உறுப்பையும் சோதித்தல் வேண்டும்.

இவையெல்லாம் குற்றமற்றவை என்று தெளிந்த பின்னரே பலகையின்மீது கண் செல்லலாம். அங்கும் முழுப்பலகையும் பழுதாதல் எப்பொழுதும் இல்லை. "கிளிக்" என்ற ஓசை கேட்டும் நல்ல சுருளுக்கு மின் எட்டாவிடின், றிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். எண்கள் மங்கி, கடிகாரம் அடிக்கடி தன்னைத் தானே மறக்குமாயின், மின்வழங்கும் பகுதியிலுள்ள கொள்ளளவி வெப்பத்தால் உலர்ந்திருக்கக்கூடும். இவற்றைத் தனித்தனியே மாற்றவல்ல கைத்தொழிலாளர் உளர்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நிறுத்திய பின்னரும் போறணை சூடேறிக்கொண்டே இருந்தால், றிலேயின் முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கலாம். அது தீவிபத்துக்கு வழி. அக்கணமே பிரதான ஆளியை நிறுத்துங்கள். சீர்செய்யும் வரை மீண்டும் இயக்காதீர்கள். மூடியைத் திறந்து அளத்தலும், மின்தொழில் பயின்றவர்க்கே உரிய வேலை.

ஆயினும், அவரிடம் உசாவும் உரிமை உங்களுக்கு உண்டு. "பலகை பழுது" என்று அவர் கூறும்பொழுது, "உணரி எத்தனை ஓம் காட்டிற்று? சுருளை அளந்தீர்களா?" என்று கேளுங்கள். அளந்தவர் எண்ணைக் கூறுவார்; அளவாதவர் மீண்டும் ஒருமுறை போறணையைத் திறப்பார். இரண்டினாலும் உங்களுக்கு நன்மையே.