பட்டியல் யார் கையில்?

தமிழ்ப் புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஓர் இணையதளம் வேண்டும் என்பதில் இந்த அரங்கில் சண்டையே இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் சண்டை. நட்சத்திரம் போடலாம், மதிப்பெண் போடலாம், அதிகம் விற்பவை என்று முகப்பில் வரிசை கட்டலாம் என்கிறார்கள் சிலர். நான் சொல்வது வேறு. முதலில் பட்டியல். பிழையில்லாத, எல்லோருக்கும் திறந்திருக்கிற, எந்தக் கடைக்கும் சொந்தமில்லாத பட்டியல். அது இல்லாமல் எழுப்புகிற தளம் எத்தனை அழகாக இருந்தாலும் கடைசியில் யாரோ ஒருவருடைய விளம்பரத் தட்டியாகத்தான் முடியும்.

இது நேற்று முளைத்த ஆசை இல்லை. 1865இலேயே ஜான் மர்டாக் என்ற மிஷனரி, அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டு வெளியிட்டார். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒழுங்காக அனுப்புகிற பதிப்பாளர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கமாட்டேன், முன்வரிசைக்குச் சங்கடம். சிரிக்கிறீர்கள். ஆனால் இன்றைக்கு ஒரு வாசகர் கைப்பேசியில் 'பசுவய்யா' என்று தேடினால், அவரேதான் சுந்தர ராமசாமி என்று எந்தக் கடைத்தளம் சொல்கிறது? சொ. விருத்தாசலத்தையும் புதுமைப்பித்தனையும் ஒரே ஆளாக அறிந்த தளம் எது? தி. ஜானகிராமன் பெயரில் புள்ளி வைத்தால் ஓர் ஆள், புள்ளியை எடுத்தால் இன்னோர் ஆள், ஆங்கில எழுத்தில் அடித்தால் மூன்றாவது ஆள். கல்கியின் பொன்னியின் செல்வன் நாட்டுடைமையான நூல். போடாத பதிப்பகம் இல்லை. ஐந்து பாகம், பாகத்துக்குப் பல பதிப்பு, எல்லாம் தனித்தனி நூல்களைப் போல வந்து நிற்கின்றன. பெயரையும் பதிப்பையும் சேர்த்துக் கட்டத் தெரியாத தளத்தில் கல்கியே தொலைந்துபோகிறார் என்றால், முதல் நாவல் போட்டுவிட்டு ஐந்நூறு படிகளோடு உட்கார்ந்திருக்கிற இளைஞனை யார் கண்டுபிடிப்பது?

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. பெயர் சொல்லமாட்டேன், சீர்காழிக்காரர் என்று சொன்னால் போதும். அதோ, பின்வரிசையில் கைதட்டிவிட்டார்கள்! கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், ஒரு பெரிய கடையில் பிள்ளைகளின் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்க்கிறார். சில பட்டைகள், சில திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். வேறொருவர் பையனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருப்பார். இவர் நூல் பகுப்புமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு நூலை ஒரே அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தாதே. அதன் பொருள், இடம், காலம் என்று கூறு கூறாகப் பிரித்துக் கோர்த்து வை என்றார். 1933இல் அது அச்சாகி உலகம் படித்தது. மோகமுள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தளத்தில் அது 'நாவல்', முடிந்தது. சீர்காழிக்காரர் வழியில் போனால் வடிவம் நாவல், ஊர் கும்பகோணம், பொருள் சங்கீதம், காதல். சங்கீதத்தைத் தேடி வருகிறவருக்கும் கிடைக்கும், காவிரிக்கரையைத் தேடி வருகிறவருக்கும் கிடைக்கும். வாசகருக்கு நூல் கிடைப்பதோடு வேலை முடியவில்லை, நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்று 1931லேயே விதி வகுத்தவர் அவர். எழுத்தாளர்களுக்காக இதைவிடப் பெரிய வாதத்தை எந்த எழுத்தாளர் சங்கமும் வைத்ததில்லை. சங்கத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

'அதுதான் குட்ரீட்ஸ் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. 2007இல் தொடங்கியது; உலகெங்கும் வாசகர்கள் கூலி வாங்காமல் விவரம் சேர்த்தார்கள், மதிப்புரை எழுதினார்கள். 2013இல் அமேசான் அதை வாங்கியது. 2020 டிசம்பரில், அந்த விவரங்களைப் பிற தளங்கள் எடுத்துப் பயன்படுத்தும் வழியைப் புதியவர்களுக்கு அடைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, வியாபாரி வியாபாரம் செய்கிறார். ஊர் கூடி வெட்டிய குளத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதல் நாளே பார்க்காதது யார் தவறு?

நட்சத்திரத்துக்கு வருகிறேன். 2023இல் எலிசபெத் கில்பர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் அடுத்த நாவலை அறிவித்தார். கதை ரஷ்யாவில் நடக்கிறது. உக்ரைன் போர் நேரம். புத்தகம் அச்சாகவே இல்லை, ஒரு பக்கம் யாரும் படிக்கவில்லை, குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். அதே ஆண்டில் இன்னொருவர், முதல் நூல் வெளிவரும் முன்பே, பொய்க் கணக்குகள் திறந்து சக எழுத்தாளர்களின் மதிப்பெண்ணைக் குறைத்துப் பிடிபட்டார். அவருடைய பதிப்பகம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நம் ஊரில் இப்படி நடக்காது என்று தைரியமாகச் சொல்லுங்கள் பார்ப்போம்! இங்கே ஒரு குழு இன்னொரு குழுவின் புத்தகத்தைக் கையால்கூடத் தொடாமல் பத்துப் பக்க விமர்சனம் எழுதும். தன் குழுவின் புத்தகத்தையும் தொடாமலே பாராட்டும். அந்த விஷயத்தில் நடுநிலைமை தவறாதவர்கள். யாரைச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், அவர்களே எழுந்து மறுப்பு சொல்வார்கள். சரி, இது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. நட்சத்திரம் இல்லாவிட்டால் வாசகர் எதை நம்புவார் என்று கேட்டால், கையெழுத்துப் போட்ட சொல்லை நம்புவார். 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு நூல்களை அறிமுகப்படுத்தினார் விமர்சகர் க.நா.சு.; அவருடைய பட்டியல்களோடு ஊரே சண்டை போட்டது. சண்டை போட முடிந்தது எதனால்? பட்டியலுக்குக் கீழே ஓர் ஆள் இருந்தார், அவர் சொன்ன காரணம் இருந்தது. ஐந்துக்கு மூன்றரை என்ற எண்ணோடு யார் சண்டை போடுவது?

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. லண்டனில் நாடியா ஒதுனாயோ என்ற பெண் 2019இல் தன்னந்தனியாக ஸ்டோரிகிராஃப் என்ற தளத்தைக் கட்டத் தொடங்கினார். நூலின் மனநிலை என்ன, வேகம் என்ன என்று வாசகர்களையே கேட்டு அதைக் கொண்டு புத்தகம் காட்டுகிற தளம் அது. நம்மவர்கள் மட்டும் என்ன குறைச்சல்? 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. 2005 முதல் ஈழத்து நூல்களை நூலகம் திட்டம் மின்னாக்கி வருகிறது, யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. இரண்டுமே தன்னார்வலர்கள் கையால் எழுந்தவை. ஆகவே கோடி வேண்டும் என்று கோடியைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள், ஒருவேளை அந்தக் கோடிக்கு ரசீது தயாராக வைத்திருப்பவர்களாக இருக்கலாம்.

இன்னும் ஒரு கூட்டம், இனிமேல் தளமே எதற்கு, செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் சொல்லாதா என்கிறது. சொல்லும். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் கோடைக்கால வாசிப்புக்கு என்று செயற்கை நுண்ணறிவு தந்த 15 நூல்களின் பட்டியல் வந்தது. அதில் 10 நூல்கள் உலகத்திலேயே இல்லை. ஆசிரியர்கள் உண்மை, நூல்கள் கற்பனை! சரிபார்க்க ஒரு மூலப்பட்டியல் இருக்கிற ஆங்கிலத்துக்கே இந்த நிலைமை. நம்மிடம் ஒத்துப்பார்க்க என்ன இருக்கிறது?

தலைவர் மணியைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். பதிப்பாளர்களே, ஐஎஸ்பிஎன் எண்ணை நம் நாட்டில் இலவசமாகத் தருகிறார்கள், வாங்கிப் போடுங்கள். நூற்பெயர், ஆசிரியரின் எல்லாப் பெயர்கள், முதற்பதிப்பு ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு, பொருள், களம் ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள். தளம் நடத்த முன்வருகிறவர்களே, அந்தப் பட்டியலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறக்கிற நாளிலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் சோர்ந்துபோனாலும், யாரேனும் நல்ல விலை கேட்டு வந்தாலும், வேறொரு பிள்ளை அதே பட்டியலை வைத்து மறுநாளே தளம் திறக்க முடிய வேண்டும். தளத்துக்குச் சீர்காழிக்காரர் பெயரை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.