அணைக்குக் கீழே யார்?

(பாலசமுத்திரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுரங்கம் ஏதுமற்ற பாலசமுத்திரத்திலே நின்றுகொண்டு, பிரேசில் நாட்டுச் சுரங்கம் ஒன்றின் கழிவு அணையைப் பற்றிப் பேசப் போகிறேன். “நமக்கும் அதற்கும் என்னய்யா உறவு?” என்று கேட்பீர்கள். உறவு உண்டு, தோழர்களே! பாலாறு–பொருந்தலாறு அணையின் அண்டையிலே வாழ்கிறவர்கள் நாம். அணையின் அண்டையில் வாழ்வோர் எங்கிருந்தாலும் அவர்கள் நம் உறவினர்!

இரும்புக் கல்லை மாவாக அரைத்து, இரும்பைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது சேறு. அதைத் தேக்கி வைக்க எழுப்புவதே கழிவு அணை. புருமாடின்யோ என்னும் ஊரருகே இருந்த அத்தகைய அணையின் உயரம் 86 மீட்டர். கொட்டிய கழிவின் மீதே ஒரு கரை, அதற்கு மேல் இன்னொரு கரை எனப் படிப்படியாக உயர்த்திய அணை! 2019 ஜனவரி 25, நண்பகல் உணவு வேளை. நீர் ஊறியிருந்த கழிவு கூழாய் இளகிற்று; கரை சரிந்தது; சேற்றுவெள்ளம் பாய்ந்தது; 270 உயிர்கள் மாண்டன.

அரசாங்க ஏட்டிலே அந்த அணைக்கு இரண்டு தரம் குறிக்கப்பட்டிருந்தது. உடையும் ஆபத்து: குறைவு. உடைந்தால் விளையும் சேதம்: மிகுதி. முதல் வரி உறங்க வைத்தது. இரண்டாம் வரியோ ஏட்டிலேயே உறங்கியது! அணையின் காலடியிலே தொழிலாளரின் உணவுக்கூடம் இருந்தது. என் நாடகத்தில் இப்படியொரு காட்சி எழுதினால், “நம்பும்படி இல்லையே” என்று எழுந்து போவீர்கள். அங்கே அது நடந்தது. அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை.

2020இல் கழிவு அணைகளுக்கென உலக நெறிமுறை வகுத்தார்கள். விளைவைக் கொண்டு ஐந்து படிகள். மிக உச்சப் படி எது? உடைந்தால் நூறு பேருக்கு மேல் உயிரிழக்கக் கூடிய அணை! சுவரின் வலிமையை அளப்பதன்று இந்தத் தரம். சுவருக்குக் கீழே வாழும் மக்களை எண்ணுவது. அணை அப்படியே இருக்கலாம். கீழே புதிதாய் ஒரு தெரு எழுந்தால் அதன் தரம் மாறும்.

நீரைத் தேக்கும் அணைக்கும் இதே கணக்குத்தான். கடல் கடந்து போவானேன்? வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாற்றை நினைத்துப் பாருங்கள். 1977 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. மதகுக் கதவுகளைத் தூக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றது. மின்னாக்கி இயந்திரத்தைக் கொண்டு முயன்றார்கள். கையாலே சுழற்றியும் பார்த்தார்கள். கதவுகள் முழுவதும் உயரவில்லை. வெள்ளம் கரையேறி வழிந்தது, மண்கரை அரிந்தது, அணை உடைந்தது. ஊழியர் உழைத்தனர், உதவ வேண்டிய ஏற்பாடு உதவவில்லை!

2021இல் வந்தது அணைப் பாதுகாப்புச் சட்டம். மாநிலத்தின் அதிகாரத்தை டில்லி பறிக்கிறது என்று தமிழகம் எதிர்த்தது. எதிர்த்தது நியாயம்! ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒவ்வோர் அணைக்கும் இடர்த்தரம் குறிக்க வேண்டும், பழைய அணைகளுக்கு ஐந்தாண்டுக்குள் நெருக்கடிகாலச் செயல்திட்டம் வேண்டும் என்று அதிலே கூறப்பட்டிருக்கிறதே, அதைச் செய்ய டில்லி சொல்ல வேண்டுமா? நமக்கு நாமே சொல்லிக்கொள்ளக் கூடாதா?

ஆகவே நான் கேட்பது மூன்று. அணையின் தரம் என்ன என்பதை ஊராட்சி, பேரூராட்சிப் பலகைதோறும் நல்ல தமிழில் எழுதுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே அபாயச் சங்கை ஊதிப் பார்த்து, எந்த மேட்டுக்கு ஓடுவது என்று குழந்தைக்கும் காட்டுங்கள். மின்சாரம் நின்றாலும் கதவு உயருமா என்று வெயில் காலத்திலேயே சோதியுங்கள்.

அணை எமது என்று முழங்கினோம். அணைக்குக் கீழே வாழ்கிறவனும் எம்மவனே என்று மெய்ப்பிப்போம்! அந்த உரிமைக்குப் பொருள் அதுதான்.