விரல் காய்க்கும் வரை
கற்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை



காக்கநாட்டில் இன்று கூடியிருக்கிறீர்கள். எர்ணாகுளம் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த இன்ஃபோபார்க்கும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் படிக்க வருகிறீர்கள். அதற்கு முதலில் ஒரு பாராட்டு.

இன்றைய பேச்சு இசைக் கருவி கற்பதைப் பற்றியது. அதிலும் கிடார் கற்பதைப் பற்றியது.

"எழுத்துப் படிக்க வந்த இடத்தில் கிடார் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எழுத்தைக் கற்ற கைக்கு என்னவெல்லாம் நடந்ததோ, அதுவேதான் கிடாரைக் கற்கும் கைக்கும் நடக்கிறது. இரண்டையும் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். ஏன் விடுகிறார்கள்? விடாமல் இருக்க என்ன செய்யலாம்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மூலையில் நிற்கும் கிடார்

ஓர் இளைஞர் கிடார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவில் ஒருவர் வாசித்ததைக் கேட்டார். ஆசை வந்தது. மூன்று மாதம் பணம் சேர்த்தார். வாங்கிவிட்டார்.

முதல் நாள் உற்சாகம். இரண்டாம் நாள் விரல் நுனி சிவந்துவிடுகிறது. மூன்றாம் நாள் கம்பியைத் தொட்டாலே எரிகிறது. அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம். திருவிழாவில் கேட்ட இசை எங்கே? இந்தச் சத்தம் எங்கே?

ஒரு மாதம் போகிறது. கிடார் மூலைக்குப் போகிறது. அதன் மேல் சட்டை தொங்குகிறது.

யாராவது கேட்டால், "கிடார் சரியில்லை" என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இன்னொருவர் கேட்டால், "எனக்கு இசை ஞானம் இல்லை" என்கிறார்.

இரண்டும் சரியான காரணம் அல்ல. கிடார் பிடிக்கிற எல்லோருக்கும் முதலில் விரல் வலிக்கும். எல்லோருக்கும் 'டொக்' என்றுதான் கேட்கும். இது நோய் அல்ல. இது வாசற்படி. படியில் கால் இடித்ததும் திரும்பிப் போனால் வீட்டுக்குள் நுழைய முடியாது.

முதன்முதலில் பென்சில் பிடித்த நாளை நினைத்துப் பாருங்கள். 'அ' எழுதக் கை நடுங்கவில்லையா? கோடு வளையவில்லையா? இன்று கையெழுத்துப் போடுகிறீர்கள். பஸ் போர்டு படிக்கிறீர்கள். இந்தப் படியை ஒரு முறை தாண்டிய கைதான் அது.

கொச்சியிலிருந்து பழனிக்கு

இனி ஓர் உண்மைக் கதை. பக்கத்து ஊர்க் கதைதான்.

காக்கநாட்டிலிருந்து மேற்கே போய்க் காயலைத் தாண்டினால் மட்டாஞ்சேரி வரும். அதை ஒட்டி ஃபோர்ட் கொச்சி. அங்கே 1936இல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் அர்ஜுனன். 14 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அந்தப் பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். அர்ஜுனன் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் இறந்துவிட்டார். அம்மா வேலை செய்து காப்பாற்றினார். வீட்டில் பட்டினி. பையனின் பள்ளிப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனான்.

பிள்ளைகள் வயிறார உண்ண வேண்டுமே என்று அம்மா கவலைப்பட்டார். அர்ஜுனனையும் அவன் அண்ணன் பிரபாகரனையும் பழனிக்கு அனுப்பினார். அங்கே ஜீவகாருண்யானந்தா ஆசிரமத்தில் சேர்த்தார்கள். ஊர் புதிது. பேச்சு தமிழ். பிள்ளைகளுக்குத் தெரிந்தது மலையாளம்.

ஆசிரமத்தில் பஜனை நடக்கும். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து பாடினார்கள். ஆசிரமத் தலைவர் அதைக் கவனித்தார். குமரய்யா பிள்ளை என்ற ஆசிரியரிடம் இசை கற்க ஏற்பாடு செய்தார். ஏழு ஆண்டுகள் கற்றார்கள்.

கர்நாடக இசை எப்படித் தொடங்கும் என்று தெரியுமா? ச, ரி, க, ம, ப, த, நி. ஏழே எழுத்து. அதை ஏறிப் பாட வேண்டும். இறங்கிப் பாட வேண்டும். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு மடங்கு வேகம். பிறகு நான்கு மடங்கு. இதற்குச் சரளி வரிசை என்று பெயர். இது முடிந்த பிறகுதான் மற்றவை. பெரிய வித்துவானும் இந்த வழியாகத்தான் வந்திருப்பார். குறுக்கு வழி கிடையாது.

பிறகு ஆசிரமத்தில் பிள்ளைகள் கூட்டம் அதிகமாகிவிட்டது. இருவரும் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. ஊரில் அதே வறுமை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அர்ஜுனன் மறுபடியும் கூலி வேலைக்குப் போனார். மூட்டை சுமந்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். "பழனியோடு இசை முடிந்தது" என்று அவர் நினைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் விடவில்லை. கிடைத்த இடத்தில் பாடினார். ஆர்மோனியம் பழகினார். ஒரு கை துருத்தியை அசைக்கும். மறு கை கட்டைகளை அழுத்தும். இரண்டு கைக்கும் இரண்டு வேலை. இதைப் பழகிக்கொண்டார். தெரிந்ததைப் பிறருக்கும் சொல்லிக் கொடுத்தார். ஆர்மோனியமும் தபலாவும் கற்பித்தார்.

பிறகு நாடகக் குழுக்கள் அழைத்தன. ஆலப்பி தியேட்டர்ஸ், காளிதாச கலாகேந்திரம், கே.பி.ஏ.சி. என்று பல குழுக்களின் நாடகங்களுக்கு இசை அமைத்தார். ஜி. தேவராஜன் என்ற பெரிய இசை அமைப்பாளரிடம் ஆர்மோனியம் வாசித்தார். 1968இல் 'கறுத்த பௌர்ணமி' என்ற மலையாளப் படத்துக்கு இசை அமைத்தார். அதுதான் முதல் படம். அப்போது அவருக்கு வயது 32.

அதன் பிறகு ஐந்நூறுக்கும் மேற்பட்ட திரைப்பாடல்கள். கேரள மக்கள் அவரை 'அர்ஜுனன் மாஸ்டர்' என்று அழைத்தார்கள். ஏ.ஆர். ரகுமான் சிறுவனாக இருந்தபோது, ஸ்டூடியோவில் கீபோர்டு வாசிக்க வாய்ப்புக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

இவ்வளவு செய்தவருக்குச் சிறந்த இசை அமைப்பாளர் என்ற கேரள அரசின் திரைப்பட விருது எப்போது கிடைத்தது? 'பயானகம்' என்ற படத்துக்காக, 2017ஆம் ஆண்டுக்கான விருதாகக் கிடைத்தது. அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். விருது வரட்டும், பிறகு வாசிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார். 2020 ஏப்ரல் 6ஆம் தேதி காலமானார்.

இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரின் கதை இது.

இரண்டு விரல் போதும் என்றவர்

இன்னொரு மனிதர். இவர் ஐரோப்பாவில் வாழ்ந்தவர். பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910இல் பெல்ஜியத்தில் பிறந்தார். நாடோடிக் குடும்பம். கூண்டு வண்டியே வீடு. பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் இசையில் நல்ல பழக்கம்.

1928இல் அவருடைய வண்டியில் தீப்பிடித்தது. அப்போது வயது 18. உடம்பு வெந்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிவிட்டன. கிடாரில் கம்பியை அழுத்துவது இடது கைதான். அந்தக் கையில் இனி இரண்டு விரல்தான் நன்றாக வேலை செய்யும்.

அவர் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அங்கேயே கிடாரை மடியில் வைத்துப் பழகினார். இரண்டு விரலுக்கு ஏற்றபடி வாசிக்கும் முறையையே மாற்றினார். 1934இல் பாரிஸ் நகரில் நண்பர்களோடு ஓர் இசைக் குழு தொடங்கினார். கிடார் வாசிப்பவர்கள் உலகம் முழுவதும் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் குழுவில் ஸ்தெஃபான் கிராப்பெல்லி என்ற வயலின் கலைஞர் இருந்தார். அவரிடம்தான் வளர்ந்த பிறகு கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றார். உங்களைப் போல அவரும் ஒரு முதியோர் கல்வி மாணவர்!

விரலுக்குச் சில வழிகள்

மனம் தளராமல் இருக்கக் கையும் ஒத்துழைக்க வேண்டும். அதற்குச் சில வழிகள்:

ஒன்று. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வேண்டாம். தினமும் கால் மணி நேரம் போதும். விரல் நுனித் தோல் மெதுவாகக் காய்க்கும். சில வாரங்களில் வலி குறையும். துணி தேய்ப்பவர் உள்ளங்கையும், மண்வெட்டி பிடிப்பவர் உள்ளங்கையும் எப்படிக் காய்த்தன? அப்படித்தான். உழைப்பவர் கைக்கு இது புதிதல்ல. கொப்புளம் வந்தால் மட்டும் ஆறும் வரை நிறுத்துங்கள்.

இரண்டு. கிடாரின் கழுத்தில் குறுக்கே சிறு உலோகப் பட்டைகள் இருக்கும். அதற்குப் பிரெட் என்று பெயர். பட்டையின் மேலேயே அழுத்தாதீர்கள். அதை ஒட்டிப் பின்னால் அழுத்துங்கள். குறைந்த பலத்தில் தெளிவான ஒலி வரும்.

மூன்று. எளிதானதில் தொடங்குங்கள். பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஒலிக்குக் கார்டு என்று பெயர். 'ஈ மைனர்' என்ற கார்டுக்கு இரண்டு விரல் போதும். 'எஃப்' என்ற கார்டு கடினம். ஒரே விரலைப் பல கம்பிகள் மேல் படுக்க வைக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கிடாரை மூலையில் வைக்கிறார்கள். அது வர நாளாகும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வராத அன்று வருத்தம் இருக்காது.

நான்கு. கிடாரையும் பாருங்கள். கம்பி மிக உயரத்தில் இருந்தால் யாருக்கும் வலிக்கும். கடையில் கொடுத்துத் தாழ்த்தலாம். நைலான் கம்பிக் கிடார் விரலுக்கு மென்மை. ஆறு கம்பிக்கும் சுருதி சேர்த்த பிறகே வாசியுங்கள். சுருதி சேராத கிடாரில் யார் வாசித்தாலும் நன்றாக இருக்காது.

நான்காவது வழிக்கு இந்த மாவட்டமே ஓர் உதாரணம். 1989இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. வயதானவர்கள் பலர், "எழுத்து மண்டையில் ஏறவில்லை" என்றார்கள். பார்த்தால், பலருக்குக் கண் மங்கியிருந்தது. தொண்டர்கள் மூக்குக் கண்ணாடி திரட்டிக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரிந்தது! 1990 பிப்ரவரி 4ஆம் தேதி, நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. மண்டையைக் குறை சொல்லும் முன் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

மனத்துக்குச் சில வழிகள்

"ஆசை வரும்போது பழகுவேன்" என்று சொல்லாதீர்கள். ஆசை மழை மாதிரி. சில நாள் வரும். சில நாள் வராது. நேரத்தை முடிவு செய்யுங்கள். டீ குடித்த பிறகு கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்தால் ஆசை தானே வரும்.

திருவிழாவில் வாசித்தவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். அவருக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கமோ! போன மாதம் வாசித்த உங்களோடு இந்த மாதம் வாசிக்கும் உங்களை ஒப்பிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 'இன்று ஈ மைனர் சுத்தமாக வந்தது.' ஒரு வரி போதும். எழுதத் தெரியும் அல்லவா? தளர்ந்த நாளில் பழைய பக்கத்தைப் புரட்டுங்கள். எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அது காட்டும்.

வேலை, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று சில நாள் விட்டுப்போகும். விட்டுப்போனது குற்றம் அல்ல. "எல்லாம் போச்சு" என்று நினைப்பதுதான் ஆபத்து. கற்றது முழுவதும் போகாது. மறுபடி எடுத்தால் முன்பை விடச் சீக்கிரம் வரும். அர்ஜுனன் மூட்டை சுமந்த நாட்களிலும் பழனியில் கற்ற ஸ்வரம் அவரை விட்டுப் போகவில்லை.

பெரியோர்களே, வீட்டுக்குப் போங்கள். மூலையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். கிடாராக இருக்கலாம். தையல் மெஷினாக இருக்கலாம். பாதி படித்த புத்தகமாக இருக்கலாம். அதன் மேல் தொங்கும் சட்டையை எடுத்துக் கொடியில் போடுங்கள். தூசியைத் துடையுங்கள். இன்று கால் மணி நேரம் உட்காருங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.



கலந்து பேசுங்கள்

1. கிடார் வாங்கிய இளைஞர் சொன்ன இரண்டு காரணங்கள் எவை? அவை சரியா?

2. பழனியிலிருந்து திரும்பிய அர்ஜுனன் இசையை எப்படிக் காப்பாற்றினார்?

3. நீங்கள் பாதியில் விட்ட ஒரு வேலை எது? மீண்டும் தொடங்க என்ன தடை?

4. நாளை எந்த நேரத்தில் கால் மணி நேரம் பழகுவீர்கள்? உங்கள் நோட்டில் எழுதுங்கள்.